எறிகின்ற கை

மாலைத் திருப்பலி முடிந்து, உபதேசியார் கோவில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த வேளையில், திராட்சைப் பந்தல் வேலை பார்க்கும் ஒரு தந்தை தம் மகளோடு பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். ஆறாம் வகுப்பில் படிக்கும் அச்சிறுமிக்குப் பள்ளியின் எறிபந்துக் குழுவில் இடம் கிடைத்திருந்தது. குறுவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் இடக்கையால் எறிபவள்.

"சாமி, பிள்ளைக்கு இப்பவே கையை மாத்திவிட்டுறலாமா? வளந்துட்டா மாறாதுன்னு சொல்றாங்க" என்று அவர் கேட்டார்.

சொன்னவர் யார் என்று வினவினோம். இருவர். ஒருவர் பாட்டி, மற்றவர் மாலைதோறும் மைதானத்தில் பிள்ளைகளைப் பழக்கிவிடும் ஒரு பழைய ஆட்டக்காரர். பாட்டிக்குப் பீச்சாங்கையால் எதையும் செய்வது ஊரார்முன் கூச்சம். ஆட்டக்காரருக்கு அது வரிசை குலையும் காரியம். எழுவர் ஆடும் ஆட்டத்தில் அறுவர் ஒரு பக்கம் சாய்ந்து எறிய, ஒருத்தி மட்டும் மறுபக்கம் சாய்கிறாள் என்பது அவருடைய குறை. சிறுமி ஒன்றும் பேசவில்லை. எந்தக் கையைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஞாயிறன்று சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம்.

உண்மையில் அன்றே சொல்லியிருக்கலாம். சொல்ல விடாதது நம் பழைய கணக்கு ஒன்று.

1990களின் நடுவில், குருமாணவராகக் களப்பயிற்சி ஆண்டில் இருந்தபோது, ஒரு மாணவர் விடுதியில் விளையாட்டுப் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டிருந்தது. மலையடிவாரத்துச் சோளக்காட்டில் பரண்மேல் அமர்ந்து கவண்கல் வீசிக் கிளி ஓட்டிப் பழகிய சிறுவன் ஒருவன் அங்கே இருந்தான். அவனும் இடக்கைக்காரன். புளியமரத்தின் உச்சிக்காயைக் குறிசொல்லி வீழ்த்துவான். பந்து எறியும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த நாளில் அவனை வலக்கையால் எறியப் பணித்தோம். கை தானாகவே மாறி மாறி வந்தது. எரிச்சலுற்று, இடக்கையைச் சட்டைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு எறியச் சொன்னோம். பந்து பாதித் தொலைவும் போகவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. மறுநாள் முதல் அவன் எறிய வரவில்லை. மற்றவர் எறிந்த பந்தை ஓடிப் பொறுக்கிவரும் வேலையை அவனாகவே எடுத்துக்கொண்டான். ஆண்டு முழுவதும் பொறுக்கினான். பணிவுள்ள பையன் என்று அறிக்கையில் எழுதினோம்.

ஏன் அப்படிச் செய்தோம் என்பதற்கு இன்றுவரை நல்ல காரணம் கிடைக்கவில்லை. பந்து எறியும் போட்டியின் விதியில் கையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. நாம் கண்டு வளர்ந்தது அது, அவ்வளவுதான். நம் மொழியிலேயே வலம் என்ற சொல் வலிமையையும் வெற்றியையும் சேர்த்துச் சுமக்கிறது. சோறு உண்ணும் கை சோத்தாங்கை. மற்றதற்கு வைத்திருக்கும் பெயர்களைச் சபையில் சொல்லக் கூசுகிறோம். நம் பள்ளத்தாக்கில் பன்னரிவாளின் பல்லும், திராட்சைக் குலை நறுக்கும் கத்தரியின் அலகும் வலக்கைக்காரரை எண்ணியே செய்யப்பட்டவை. மறையுரை மேடையும் விலக்கு அன்று. மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் செம்மறிகள் வலப்பக்கமும் வெள்ளாடுகள் இடப்பக்கமும் நிற்கும் பகுதி ஆண்டவரது அரசத்துவ விழாவில் வாசிக்கப்படும்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இடக்கைப் பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொள்வதை நாம் கவனிப்பதில்லை. ஆனால் நம் குருப்பட்டத்தன்று ஆயர் இரண்டு உள்ளங்கைகளிலும்தான் கிறிஸ்மா தைலம் பூசினார்.

விவிலியத்தை இன்னும் கொஞ்சம் புரட்டினால் வேறொரு செய்தி கிடைக்கிறது. நீதித் தலைவர்கள் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் ஏகூது இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதே நூலின் இருபதாம் அதிகாரத்தில், மயிரிழையும் தவறாமல் கவண்கல் எறியவல்ல எழுநூறு இடக்கை வீரர் வருகிறார்கள். எல்லாரும் பென்யமின் குலத்தார். பென்யமின் என்ற பெயருக்கே வலக்கையின் மகன் என்பதுதான் பொருள்! இவர்களைக் குறிக்க எபிரேயம் ஆளும் தொடர், சொல்லுக்குச் சொல், வலக்கை கட்டுண்டவர் என்பது போன்றது. சிறுவயதிலேயே வலக்கையைக் கட்டிப்போட்டுப் போருக்கென இடக்கைக்குப் பழக்கப்பட்டவர்களாய் இருக்கலாம் என்று விரிவுரையாளர் சிலர் கருதுவர். குருமடத்தில் இதைப் படித்தபோது மொழிநுட்பமாக மட்டுமே தோன்றியது. பின்னாளில் இப்பகுதியைத் திறக்கும்போதெல்லாம் சட்டைக்குள் மடங்கிய ஒரு கை நினைவுக்கு வருகிறது. குறிப்பேடு முதல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரமோ, இரு கைகளாலும் கல்லும் அம்பும் எறியவல்ல பென்யமினியர் தாவீதிடம் வந்து சேர்ந்ததைச் சொல்கிறது. ஒரு கையைப் பறித்து மறுகையைக் கொடுப்பது வேறு. இருக்கும் கையோடு இன்னொன்றைச் சேர்த்துக் கொடுப்பது வேறு. இரண்டும் அதே குலத்தின் கதையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

கைப்பழக்கம் எப்போது தொடங்குகிறது? அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில், கருவுற்ற பதினைந்தாம் வாரத்தில் ஒலி அலைப் படத்தில் விரல் சூப்பக் காணப்பட்ட 75 குழந்தைகளை, அவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதை எட்டியபின் மீண்டும் பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வின்படி, வலக்கை விரல் சூப்பிய 60 பேரும் வலக்கையினராகவே இருந்தார்கள். இடக்கை விரல் சூப்பிய 15 பேரில் பத்துப் பேர் இடக்கையினர், ஐவர் வலக்கையினர். தாயின் கருவில் உருவாகுமுன்னே நம்மை அறிந்தவர் ஒருவர் உண்டென்று எரேமியா வழியாக நம்பும் நமக்கு இச்செய்தி வியப்பூட்டாமல் போகாது. ஆயினும் அந்த ஐவரையும் மறந்துவிடலாகாது. எல்லாம் கருவிலேயே முடிந்துவிடுவதில்லை.

விளையாட்டில் இது இன்னும் சிக்கலானது. சச்சின் டெண்டுல்கர் இடக்கையால் எழுதுபவர். மட்டை பிடித்ததும் பந்து வீசியதும் வலக்கையால். சென்னையின் வாஷிங்டன் சுந்தர் இடக்கை மட்டையாளர், வீசுவது வலக்கை. இயல்பில் வலக்கையினரான சௌரவ் கங்குலி, அண்ணனின் ஆட்டக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டி இடக்கை ஆட்டத்துக்குப் பழகியதாகச் சொல்வார்கள். ஆனால் மட்டையை இரண்டு கைகளும் சேர்ந்தே பிடிக்கின்றன. அங்கே மாறுவது நிற்கும் பக்கம். எறிவது அப்படியன்று. எதிர்க்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, மார்பும் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று, கடைசியில்தான் விரல்நுனி பந்தை விடுகிறது. கையை மாற்று என்று நாம் எளிதாகச் சொல்லும்போது பாதம்வரை உடல் முழுவதையும் கண்ணாடிக்குள் புகுந்து வரச் சொல்கிறோம். வாசகர் ஆளில்லாத முற்றத்தில் ஒரு கல்லை மறுகையால் எறிந்து பார்க்கட்டும். தவறான கால் முன்னே போவதை அவரே காண்பார்.

இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இடக்கையாளராய்ப் பிறந்தவர். பிள்ளைப்பருவத்தில் வலக்கையால் எழுதுமாறு வற்புறுத்தப்பட்டார். அவருடைய திக்குவாய்க்கு அதுவே காரணம் என்பார் உண்டு, அது மெய்ப்பிக்கப்பட்டதன்று. ஆனால் அவர் இளவரசராக 1926இல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கியபோது டென்னிஸ் மட்டை அவருடைய இடக்கையில்தான் இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்றார். என்றாலும் எழுதுபலகையில் இழந்த கையை ஆடுகளத்திலாவது அவர் வைத்துக்கொண்டிருந்தார் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு தடை எழுகிறது. இயல்பு என்பதாலேயே ஒன்றைத் தொடக்கூடாது என்று சொல்ல முடியுமா? கோபமும் இயல்புதான். பிள்ளை வளர்ப்பு என்பதே இயல்பை வளைப்பது அல்லவா? அதிலும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம் எந்த முகத்தோடு அப்படிச் சொல்வது? மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய பெரியாற்றை 1895இல் அணையிட்டு, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் அல்லவா நம் வயல்கள் விளைகின்றன? திருப்பிய பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15ஆம் நாளில் இங்கே நன்றியோடு பொங்கல் வைக்கிறார்கள். இயல்பை மாற்றியதால் உண்டு உயிர்வாழும் ஊர் இது.

இத்தடையை நாம் பல நாள் சுமந்து திரிந்தோம். கோபத்தைப் பற்றிய பகுதிக்கு விடை எளிது: கோபம் அடுத்தவரை அடிக்கிறது, இடக்கை யாரையும் அடிப்பதில்லை. ஆற்றைப் பற்றிய பகுதிதான் கடினமாயிருந்தது. ஆற்றைத் திருப்பியது வறண்ட வயலுக்காக, பசித்த மக்களுக்காக. இந்தச் சிறுமியின் கையைத் திருப்பினால் எந்த வயல் விளையும்? பாட்டியின் கூச்சம் தீரும், வரிசை நேராகும். ஒரு வேளை கோப்பை கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், ஆறு நம் பயனுக்காகத் தரப்பட்டது. குழந்தை அப்படித் தரப்படவில்லை. பிறருடைய நிலத்துக்குப் பாய்வதற்கென்று எந்தப் பிள்ளையும் பிறப்பதில்லை. பயன் நாடி வலக்கைப் பிள்ளையை இடக்கைக்குத் திருப்பும் பெற்றோருக்கும் இதே கேள்விதான். அருள் இயல்பை விரட்டிவிட்டு அவ்விடத்தில் குடியேறுவதில்லை, அதையே நிறைவுக்குக் கொண்டுசெல்கிறது என்று தூய அக்குவினா தோமாவிடம் கற்றோம். பயிற்சியும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

திருத்தவே கூடாதா என்றால், திருத்தலாம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய இடக்கை வீச்சாளர் நடராஜன், 2015இல் ரஞ்சிக் கோப்பைக்கு முதன்முதல் ஆடியபோது அவர் வீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்ற ஐயம் எழுந்தது. முறையைச் சீர்செய்துகொண்டு திரும்பினார். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். முறை திருத்தப்பட்டது, கை அவருடையதாகவே இருந்தது. ஹாக்கியில் இடக்கை மட்டைக்கு விதி இடம் தருவதில்லை. அங்கே யாவரும் ஒரே மட்டையைப் பழகியாக வேண்டும். பெரியகுளத்தில் கோடைதோறும் கூடைப்பந்துப் போட்டி பார்ப்பவர்கள் மற்றொன்றையும் கண்டிருப்பார்கள்: நல்ல ஆட்டக்காரர் எந்தக் கையினராயினும் இரு கையாலும் பந்தைத் தட்டிச் செல்வார். அங்கே வலக்கைப் பிள்ளைக்கு இடக்கையைப் பழக்கும்போது அவனுடைய வலக்கையை யாரும் சட்டைக்குள் மடக்கச் சொல்வதில்லை.

ஞாயிறன்று தந்தை வந்தார். கையை மாற்ற வேண்டாம் என்றோம். எறிபந்தில் இரு கையாலும் பிடித்து, தோளுக்கு மேலிருந்து ஒரு கையால் எறிய வேண்டும் என்றுதான் விதி. எந்தக் கை என்று அதில் இல்லை என்பதையும் சொன்னோம். வலக்கையாலும் எறிந்து பழக அவளுக்கே ஆசை வந்தால் பழகட்டும், யாரும் சிரிக்காத நேரத்தில். பழைய ஆட்டக்காரரை நாமே மைதானத்தில் போய்ப் பார்த்தோம். முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளை ஓரத்தில் நிறுத்திப் பார்க்கிறேன் என்றார்; நிறுத்தவும் செய்தார்.

நம் விடுதிச் சிறுவன் இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு தம் குழந்தையின் திருமுழுக்குக்காக வந்திருந்தார். பதிவேட்டில் வலக்கையால் கையொப்பமிட்டார். அந்த மைதானத்தை நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் யாரு சாமி ஞாபகம் வச்சிருக்கா" என்று சிரித்துவிட்டு, பேச்சை இஞ்சி விலைக்கு மாற்றினார். அவர் மறந்துவிட்டாரா, நமக்காக மறந்ததாகச் சொன்னாரா என்று கேட்க நமக்குத் துணிவு வரவில்லை.

பாட்டி மட்டும் அடுத்த வாரம் திருப்பலிக்குப்பின் நம்மை மறித்து நின்றார். "எறியிறது எந்தக் கையில வேணா எறியட்டும் சாமி. சோறு மட்டும் சோத்தாங்கையில திங்கச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்ற பேத்தி நம் முகத்தைப் பார்த்தாள். அதைப் பாட்டியும் பேத்தியுமே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தோம்.