மணல் என்னும் முதல் ஏடு

காலை வேளையில் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தருகே சற்று நின்று பார்ப்போர், ஆட்டோக்களில் நெருக்கியடித்து அமர்ந்து செல்லும் மழலையரைக் காணலாம். முதுகில் பை, பைக்குள் கோடு போட்ட நோட்டு. மூன்றரை வயதில் இவ்வளவு எதற்கு என்றால், 'இப்போதே பழகினால்தான் பின்னால் தேறும்' என்பர் பெற்றோர். வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்துவோரின் அச்சம் அது. அதனை நாம் எள்ள மாட்டோம். ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பிள்ளையின் நாளைக்காக அதன் இன்றைச் செலவிடும் உரிமை நமக்கு உண்டா?

நம் திண்ணைப் பள்ளிகளில் முதல் ஏடு மணல்தான். தரையில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ஆசான் 'ஆனா' எழுதுவிப்பார். பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவல், பிழை போயிற்று. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணலில் எழுதிப் பழகினர். ஜெர்மனியில் ஃப்ரோபல் தமது மழலையர் பள்ளியைத் தொடங்கியது 1837இல்தான்.

திண்ணைப் பள்ளியைப் பொற்காலமென்று புகழ நாம் வரவில்லை. பிரம்பு ஆண்ட இடம் அது. பெண்மக்களுக்கும் ஒடுக்கப்பட்டோர் மக்களுக்கும் பெரும்பாலும் அங்கே இடமிருந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்த 1982ஆம் ஆண்டுச் சத்துணவுத் திட்டம் வரவேண்டியிருந்தது. மணலை மட்டுமே நாம் கேட்கிறோம். மணல் பிழையைச் சேமித்து வைப்பதில்லை, நோட்டு சேமிக்கிறது. அதில் விழும் சிவப்பு மை, நான்கு வயதுப் பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு நிறுத்துப் பார்க்கிறது.

பிள்ளை பெற்றோரிடம் உள்ள அமானிதம் என்று 'இஹ்யா'வில் எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), ஓதி முடித்த பிள்ளையை விளையாட விடவேண்டும் என்றும், ஓயாமல் கற்பித்தால் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கும் என்றும் அங்கேயே எச்சரித்தார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்திய எச்சரிக்கை! அமானிதத்தைக் காக்கலாம், நம் ஆசைக்கு முதலாக்கலாமோ?

சென்ற திங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமியின் முன் தாம்பாளத்தில் மணலைப் பரப்பி வைத்தோம். (வைகைக்கரையில் குடியிருந்தும் அந்த மணலைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில்தான் வாங்க நேர்ந்தது!) எழுதினாள். எழுத்துக் கோணியதும் திடுக்கிட்டு ரப்பரைத் தேடினாள். கையால் தடவிக் காட்டினோம். பிறகு வெகுநேரம், அழிப்பதற்காகவே எழுதிக்கொண்டிருந்தாள்.