விதியென்னும் சொல்

ஒரு சொல்லின் பொருள் துணியாது அதன்மேல் முடிபு கூறுதல் அறிவுடையோர் நெறியன்று. சேய்மையிற் கண்டது குற்றியோ மகனோ என்பது ஐயம். பழுதையைப் பாம்பெனக் கோடல் திரிபு. இவை காட்சிக்கேயன்றிச் சொல்வழக்கிற்கும் உரிய குற்றங்களாம்.

"விதி" என்னும் சொல்லை நோக்குக. காரணம்பற்றி வந்தது என்பது ஒரு பொருள். எவ்வாற்றானும் தடுக்கலாகாதது என்பது மற்றொரு பொருள். உலகத்தார் முன்னதை மொழிந்து பின்னதை முடிபாகக் கொள்வர்.

பெரியம்மை வந்துழி, விதியென்று வாளாவிருந்தார் பலர். 1796-ஆம் ஆண்டில் ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் பசுவம்மைப் பால் குத்தி அந்நோயைத் தடுக்கலாமெனக் காட்டினார். 1980-ஆம் ஆண்டில் அஃது உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தடுக்கலாகாததாயின் ஒழிந்தவாறு யாங்ஙனம்?

அற்றேல் வினைக்கொள்கை பொய்யாமோவெனின், ஆகாது. நுகரப்படுவது பிராரத்தம், நுகருங்கால் ஈட்டப்படுவது ஆகாமியம். பிள்ளைக்கு நோய் வந்தது பிராரத்தமென்க. மருந்து கொடாது வாளாவிருந்த தந்தையின் செயலோ ஆகாமியம். அதன் பயனை அவனே நுகர்தல் வேண்டும். வாளாவிருத்தலும் வினையே. திருவள்ளுவரும் ஊழுக்கு ஓரதிகாரம் வகுத்து, ஆள்வினையுடைமைக்கு வேறோரதிகாரம் வகுத்தமை காண்க.

ஆகலின், விதியென்று கூறுமுன் அஃது எப்பொருளிற் கூறப்படுகின்றதென வினவுதல் கடனாம். அவ்வினாவை ஒழித்தார், தம் மடியைத் தெய்வத்தின்மேல் ஏற்றினவராவர்.