வயிறு நிறைந்தவர்களின் கைதட்டல்



1930-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் சிகாகோ நகரம். பங்குச் சந்தை விழுந்து ஓராண்டு ஆகிவிட்டது. ஆலைகள் மூடிக் கிடக்கின்றன, கூலி வேலைக்கும் வழியில்லை, குளிர் வேறு. அந்த நேரத்தில் தெற்கு ஸ்டேட் தெரு 935-ஆம் எண் கட்டடத்தில் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். வேலையில்லாதவர்களுக்கு சூப், காப்பி, டோனட் இலவசம் என்று வாசலுக்கு மேலே பெரிய பலகை. அந்தப் பலகைக்குக் கீழே எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கிறது. தொப்பியும் நீளக் கோட்டும் அணிந்த ஆண்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கொஞ்ச நாள் முன்புவரை மாதச் செலவுக்குக் கவலைப்படாமல் இருந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அந்த மாதக் கடைசியில் வந்த நன்றி நவிலும் திருநாளன்று மட்டும் ஏறக்குறைய 5,000 பேர் அங்கே பசியாறினார்கள்.

படியளந்தவன் அல் கபோன். அதே ஆண்டு ஏப்ரலில் சிகாகோவின் குற்றத் தடுப்பு அமைப்பு வெளியிட்ட 'பொதுமக்களின் எதிரிகள்' பட்டியலில் முதலிடம் பிடித்தவனும் அவன்தான்.

"என்ன இருந்தாலும் ஏழைக்குச் சோறு போட்டானே!" இப்படிச் சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், 90 ஆண்டுகளுக்கு மேல் கடந்து இன்றும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சைப் பற்றித்தான் இன்று காலை உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

கபோன் 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவன். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தகப்பனார் முடிதிருத்தும் தொழிலாளி, யார் வம்புக்கும் போகாத மனிதர். 1920 ஜனவரி 17-ஆம் தேதி அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. அன்று கபோனுக்கு 21 வயது நிறைந்தது. அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஜானி டோரியோ என்பவன் 1925-ல் குண்டடிபட்டு உயிர் பிழைத்து ஒதுங்கிக்கொண்டான். சிகாகோவின் கள்ளச் சாராயம், சூதாட்டம், விபசார விடுதிகள் எல்லாம் 26 வயதுக்காரன் கைக்கு வந்தன.

அவன் தன்னை ரவுடி என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் வியாபாரி, மக்கள் கேட்பதைக் கொடுக்கிறேன் என்பான். இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சட்டம் மதுவைத் தயாரிக்காதே, விற்காதே, ஏற்றிச் செல்லாதே என்றது. நகரம் குடித்துக்கொண்டே இருந்தது. பெரிய மனிதர்கள் வீட்டு விருந்திலும் கள்ளச் சரக்குதான் ஓடியது. போலீஸுக்கு மாமூல், அரசியல்வாதிக்குத் தேர்தல் செலவு என்று எல்லாருக்கும் பங்கு போயிற்று.

மக்கள் கேட்டது ஒரு கோப்பை மது. வாக்குச்சாவடி வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தச் சொல்லி யார் கேட்டார்கள்? 1924 ஏப்ரல் 1-ஆம் தேதி, சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் தேர்தல். கபோன் ஆட்கள் ஓட்டுப் போட வந்தவர்களை மிரட்டினார்கள். தேர்தல் பணியாளர்களை அடித்தார்கள், சிலரைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவைத்தார்கள். நிலைமை கைமீறிப் போய், சிகாகோவிலிருந்து போலீஸ் வந்தது. அன்று கபோனின் சொந்த அண்ணன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். அப்படியும் ஜெயித்தவர்கள் கபோனுக்கு வேண்டப்பட்டவர்களே. கோப்பைக்குக் காசு கொடுத்த ஊர், தன் ஓட்டையும் சேர்த்து அவனிடம் கொடுத்துவிட்டது.

அடுத்து 1929 பிப்ரவரி 14. வடக்கு கிளார்க் தெரு, 2122-ஆம் எண். லாரி நிறுத்தும் ஒரு ஷெட். காலை பத்தரை மணி இருக்கும். போலீஸ் உடையில் இரண்டு பேர், கூடவே சாதாரண உடையில் ஆட்கள் உள்ளே போனார்கள். அங்கே இருந்த ஏழு பேரும், ஏதோ வழக்கமான சோதனை என்று எண்ணியிருக்க வேண்டும். சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் அவர்கள் முதுகில் வெடித்தன.

ஏழு பேரில் ஐந்து பேர் கபோனுக்குப் போட்டியான மோரன் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். மற்ற இரண்டு பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவர் ஜான் மே, மெக்கானிக். அந்தக் கூட்டத்தின் லாரிகளைப் பழுதுபார்த்துக் கூலி வாங்கியவர். பிள்ளைகுட்டிக்காரர். அவருடைய நாயை ஒரு லாரியில் கட்டியிருந்தார்கள். அதன் மேல் குண்டு படவில்லை. அது விடாமல் ஊளையிட்ட சத்தம் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். இன்னொருவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கும் தொழில் செய்தவர். கொலைக்கும் கொள்ளைக்கும் போனவர் அல்ல. தாதாக்களோடு உட்கார்ந்து பேசுவது, அவர்களைத் தெரியும் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வது, அதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைக்காக அன்றைக்கு அங்கே போயிருந்தார்.

கபோன் அன்று ஃபுளோரிடாவில் இருந்தான். ஏற்பாடு அவனுடையதுதான் என்று அன்று முதல் இன்றுவரை பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்தக் கொலைகளுக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இது நடந்து இரண்டு வருஷம் முடியும் முன்னால்தான் கஞ்சித்தொட்டியின் பலகை ஏறியது.

அந்த வரிசையில் நின்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கும்போது, சூப் யார் காசு என்று விசாரித்துவிட்டுக் குடிக்க யாரால் முடியும்? அரசாங்கமும் ஆலை முதலாளிகளும் கைவிட்ட மனிதர்கள் அவர்கள். என் கேள்வி வயிறு நிறைந்தவர்களைப் பார்த்து.

சிகாகோ டிரிப்யூன் பத்திரிகையின் நிருபர் ஜேக் லிங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரச் சம்பளம் 65 டாலர். 1930 ஜூன் 9-ஆம் தேதி பட்டப்பகலில், ஜனங்கள் போய்க்கொண்டிருந்த சுரங்கப் பாதையில் தலையில் சுட்டுக் கொன்றார்கள். உண்மையை எழுதியதற்காக உயிரைக் கொடுத்தவர் என்று ஊரே அழுதது. சில நாளில் கதை மாறியது. அவர் இடுப்பில் இருந்த வைரம் பதித்த பெல்ட் கொக்கி, கபோன் கொடுத்த பரிசு. வங்கிக் கணக்கில் புரண்ட பணத்துக்கும் வாங்கிய சம்பளத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த மனிதருக்குப் பசியா?

1931 செப்டம்பரில் எடுத்த இன்னொரு படம். பேஸ்பால் மைதானத்தில் முதல் வரிசையில் கபோன், பக்கத்தில் அவன் மகன். புகழ்பெற்ற ஆட்டக்காரர் கேபி ஹார்ட்னெட் அவர்கள் இருக்கைவரை வந்து, சிறுவனுக்காகப் பந்தில் கையெழுத்துப் போடுகிறார். ஷெட்டில் ஏழு பேர் விழுந்த செய்தி அந்த மைதானத்தில் யாருக்குத் தெரியாது? கபோன் அரங்கத்துக்குள் நுழைந்தால் எழுந்து ஆரவாரம் செய்தவர்கள் உண்டு. அவனுடைய பலத்தில் பாதி துப்பாக்கி, மறுபாதி இந்தக் கைதட்டல் என்பது என் கருத்து. மேயரும் போலீஸும் நிருபரும் ரசிகர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், கூலிக்குச் சுடுகிற ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தை அவன் எத்தனை நாள் மிரட்டியிருக்க முடியும்?

அவனை வீழ்த்தியதில் ஒரு கணக்குப்பிள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு. தப்பான வழியில் வந்த வருமானத்துக்கும் வரி கட்டியாக வேண்டும் என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வருமான வரி அதிகாரி ஃபிராங்க் வில்சன் கிளம்பினார். 1926-ல் ஒரு சோதனையில் கைப்பற்றிய சூதாட்ட விடுதிக் கணக்குப் புத்தகங்கள் புரட்ட ஆளின்றிக் கிடந்தன. வில்சன் கண்ணில் அவை பட்டன. அந்தக் கையெழுத்து யாருடையது என்று ஒவ்வொருவர் எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டே போனார். ஒரு வங்கிச் சீட்டில் இருந்த எழுத்து ஒத்துப்போயிற்று. லெஸ்லி ஷம்வே, விடுதியில் முன்பு கணக்கு எழுதியவர். ஃபுளோரிடாவில் அவரைத் தேடிப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் கபோனுக்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏறுவது உயிரைப் பணயம் வைப்பது. ஷம்வே ஏறினார். கணக்கு என் கையால் எழுதியது என்றார்.

ஜூரிகளை வளைக்கக் கபோன் ஆட்கள் முயன்றது நீதிபதி வில்கர்சன் காதுக்கு எட்டியது. விசாரணை தொடங்கும் நாளில், வேறு நீதிமன்றத்துக்கு வந்திருந்த ஜூரிப் பட்டியலை இங்கே மாற்றிவிட்டார். கபோன் அதை எதிர்பார்க்கவில்லை. 1931 அக்டோபர் 17-ல் குற்றவாளி என்று தீர்ப்பு, ஒரு வாரத்தில் 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம்.

இந்த வெற்றியைச் சட்டத்தின் சாமர்த்தியம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். அரசாங்கத்துக்கு வரவேண்டிய வரிக்குக் கணக்குத் தீர்ந்தது. கிளார்க் தெருவில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளின் கணக்கு அப்படியே நிற்கிறது. எத்தனை ஆயிரம் கிண்ணம் சூப் ஊற்றினாலும் அந்தக் கணக்கில் ஒரு பைசா குறையாது. தானம் பெரிய காரியம்தான். ஆனால் எவனைக் கொன்றானோ அவன் வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லையே!

கபோன் அல்காட்ராஸ் தீவுச் சிறைவரை போனான். நோய் மூளையைத் தாக்கியது. 1939-ல் வெளியே வந்தபோது தெளிவு போயிருந்தது. 1947 ஜனவரியில் 48 வயதில் இறந்தான். அவனுடைய ஒரே மகன், பேஸ்பாலில் கையெழுத்து வாங்கிய அந்தச் சிறுவன், வளர்ந்து பெரியவனான பிறகு 1966-ல் சட்டப்படி மனுப் போட்டுக் கபோன் என்ற பெயரையே விட்டுவிட்டார்.

மகன் வேண்டாம் என்று விட்ட பெயரை உலகம் விடவில்லை. சினிமா எடுத்தார்கள், தொடர் எடுத்தார்கள். சுருட்டும் வெள்ளைத் தொப்பியும் தெரியாத நாடு இல்லை. கதை கேட்பதில் தப்பில்லை, நேயர்களே. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஜான் மே என்று ஒரு மெக்கானிக் இருந்தார், கூலி வேலைக்குப் போன இடத்தில் செத்தார், அவரைக் கொன்றவர்களுக்குத் தண்டனையே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.