சராசரியும் செவியும்

பலர் நலத்திற்காகச் சிலர் துன்புறுவதைச் சமுதாயம் எவ்வளவு வரை ஏற்கலாம்? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இக்கேள்விக்கு, விமான நிலையங்களின் அருகே வாழ்வோர் திறத்தில் அமெரிக்க அரசு ஓர் எண்ணையே விடையாக வைத்துள்ளது. அது 65 டெசிபல். இவ்வெல்லைக்கு உட்பட்ட வீடுகளுக்கே ஒலித்தடுப்பு அமைக்கக் கூட்டரசு உதவி கிட்டும்.

இவ்வெண் ஓராண்டுச் சராசரியாகும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை எழும் ஒலிக்கு 10 டெசிபல் கூட்டுவர். அஃதாவது, இரவில் பறக்கும் ஒரு விமானம் பகலில் பறக்கும் பத்துக்கு ஒப்பாகும். அம்மட்டில் கணக்கு நேர்மையானதே. ஆயினும் சராசரியைச் செவியால் கேட்டவர் எவருமிலர். உறங்கும் குழந்தையை எழுப்புவது கூரைக்கு மேல் செல்லும் அந்த ஒரு விமானமே.

இவ்வளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரே மிகுந்த தொல்லைக்கு ஆளாவர் என்பது பழைய கணிப்பு. 1978இல் ஷுல்ட்ஸ் என்பார் சாலை, இருப்புப்பாதை இரைச்சல்களையும் சேர்த்துத் தொகுத்த ஆய்வை அடியொற்றியது அது. கூட்டரசு விமானப் போக்குவரத்து நிருவாகமே 20 விமான நிலையங்களின் அருகே 10,000 பேருக்கு மேல் வினவி 2021இல் வெளியிட்ட ஆய்விலோ, அதே 65 டெசிபலில் நூற்றுக்கு 60 பேருக்கும் மேற்பட்டோர் அவ்வாறு கூறினர். 2023இல் அந்நிருவாகம் தன் கொள்கையை மறுஆய்வு செய்யப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது.

தொல்லை என்பது மனநிலைதானே, அதைக்கொண்டு சட்டம் செய்யலாமா என்பார் உளர். மாணாக்கரோடு காலங்கழித்தவன் அவர்களுக்கு மியூனிக் நகரையே காட்டுவேன். அங்கு 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது திறக்கப்பட்டது. ஆய்வாளர்கள் ஈரிடத்துப் பிள்ளைகளையும் அதற்கு முன்னும் பின்னும் சோதித்தனர். பழைய நிலையத்தருகே வாசிப்புத் திறனும் நினைவாற்றலும் தேறின. புதியதன் அருகே அவை குன்றின. அப்பிள்ளைகள் அரசுக்கு மனு எழுதும் வயதினரல்லர்.

தெரிந்தே வீடு வாங்கியவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்னும் வாதமும் உண்டு. பீனிக்ஸ் நகரத்தாரிடம் இது செல்லாது. 2014இல் செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கேற்ப அங்கு விமானத் தடங்கள் மாற்றப்பட்டன; அமைதியாயிருந்த பழங்குடியிருப்புகளின் மேல் அவை குவிந்தன. வீடு பெயரவில்லை, வழியே பெயர்ந்தது. 2017இல் நீதிமன்றம் நகரத்தார் பக்கமே தீர்ப்பளித்தது.

எல்லையைத் தாழ்த்தினால் செலவு மிகும் என்பது மெய். பயணியரிடம் நிலையங்கள் பெறும் கட்டணத்தை ஒலித்தடுப்புக்குச் செலவிட அந்நாட்டுச் சட்டம் முன்னரே இடந்தந்துள்ளது. பறப்பவர் தரும் பணம் கீழே வாழ்பவரின் சாளரத்திற்குச் செல்வதில் எனக்கு முறைகேடேதும் தோன்றவில்லை.