முணுமுணுப்பைக் கேட்ட சபை

இடமாற்றப் பட்டியல் வரும்போதெல்லாம் சில போதகர்களின் மனம் கசந்துபோகிறது. ஆட்சிக்குழுவில் ஆள் இருப்பவருக்கு நகரத்துச் சேகரம், தங்களுக்கு மறுபடியும் கடைக்கோடிக் கிராமம் என்று நினைக்கிறார்கள். வாய்திறந்தால் கீழ்ப்படியாதவர் என்ற பெயர். "ஜெபியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஜெபம் வேண்டும்தான், முறையீட்டுக்கு அது பதில் ஆகாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை ஆட்சிக்குழுக்கள் வாசிக்க வேண்டும். எருசலேம் சபையின் அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முணுமுணுத்தார்கள். பன்னிரு அப்போஸ்தலரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சபை முழுவதையும் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் சபையிடமே விட்டார்கள். தேர்வான பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! நிக்கொலாவோ பிறப்பால் யூதர்கூட அல்ல. யூத மார்க்கத்தில் சேர்ந்த அந்தியோகியாக்காரர். குறை சொன்ன தரப்பை நம்பிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. ஆதிச் சபையிலும் பட்சபாதம் பற்றிய புகார் எழுந்ததை லூக்கா மறைக்காமல் எழுதிவைத்தாரே, அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

போதகரே, உங்கள் மனக்குறையை எழுத்தில் கொடுங்கள். யார் எந்தச் சேகரத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற விவரத்தையும் சேர்த்து, பெருமன்றத்தில் வாசிக்கக் கேளுங்கள். அந்தக் கணக்கு உங்கள் எண்ணத்தையே திருத்தினாலும் நல்லதுதான்.