அதே மேசை

பெரியம்மா மகன் மறுவாழ்வு மையத்திலிருந்து கிள்ளானுக்குத் திரும்பிய அன்று இரவு, அவரைச் சாப்பிட அழைத்துப்போனது நான்தான். துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வரக்கூடாது என்று சியாபுவைத் தொட்டவர். வழக்கமான மாமாக் கடை, வழக்கமான மேசை. தே தாரிக் வந்தது. அண்ணன் கிளாஸைத் தொடவில்லை.

"உள்ள இருந்தப்ப ஞாபகமே வரல தம்பி. இங்க உட்கார்ந்ததும் கை வேர்க்குது, நெஞ்சு அடிச்சுக்குது. போயிடலாமா?"

இவ்வளவு நாள் உள்ளே இருந்தும் மனஉறுதி வரலையே என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு தவறு என்று புரியச் சில ஆண்டுகள் ஆயின.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகலும் அவர் குழுவும் எலிகளை ஹெராயினுக்குப் பழக்கி, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவைக் கொடுத்தார்கள். 1982-ல் முடிவு வெளியானது. பழகிய இடத்தில் பெற்றவற்றில் ஏறக்குறைய 32 விழுக்காடு இறந்தன. மருந்து பெற்றுப் பழகாத இடத்தில் 64. மருந்து அதே, அளவு அதே. மாறியது அறை மட்டும். பழகிய அறையைக் கண்டதுமே உடல் மருந்துக்கு எதிராகத் தன்னைத் தயார்செய்துகொள்கிறது என்றார் சீகல்.

சியாபு போன்ற ஊக்கிகளில் விஷயம் வேறு மாதிரி. ஆம்பெட்டமினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எலியின் துள்ளல் குறையாமல் கூடிக்கொண்டே போவதுண்டு. வழக்கமாக மருந்து பெறும் கூண்டில்தான் அந்தக் கூடுதல் நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் தடுப்பு, இன்னொரு பக்கம் பெருக்கம். இரண்டிலும் உடல் இடத்தைப் படித்து வைத்திருக்கிறது. அண்ணனின் கை வேர்த்தது அந்தப் பாடத்தால்தான் என்று இன்று நினைக்கிறேன்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். அவர்கள் அந்த இடத்தை விட்டு வந்தார்கள். நம் ஆட்களோ அந்த இடத்துக்கே திரும்புகிறார்கள். மலேசியாவில் 1983-ன் போதைப்பித்தர் சட்டம் இரண்டு ஆண்டு மையத்தில், பிறகு இரண்டு ஆண்டு கண்காணிப்பில் என்று வழி வகுத்தது. மையத்தில் பழக்கம் அடங்கலாம். ஆனால் அந்த மாமாக் கடை மேசை மையத்தில் இல்லையே.

அப்படியானால் எல்லாப் பழியையும் இடத்தின் மேல் போட்டுவிடலாமா? முடியாது. அதே லோரோங்கில் வளர்ந்து, அதே லாரி ஓட்டி, சியாபுவைத் தொடாதவர்களும் இருக்கிறார்கள். அண்ணன் எடுத்த முடிவு அண்ணனுடையதுதான், அதை அவரும் மறுத்ததில்லை. அன்றைக்கு "போயிடலாமா" என்று கேட்டதும் அவர்தானே. மனஉறுதி என்று நான் தேடியது அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. எனக்குத்தான் அது பலவீனமாகத் தெரிந்தது.

வள்ளுவர் சிற்றினம் சேராமைக்கு ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். யாரோடு சேரக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நான் யாருக்கு அந்த இனமாக இருக்கிறேன் என்று கேட்க யாரும் சொல்லித் தருவதில்லை. ஒருவரின் சூழல் என்றால் கட்டடமும் தெருவிளக்கும் மட்டும் இல்லை. எந்தக் கடைக்குக் கூட்டிப்போகிறேன், எந்நேரத்தில் போன் அடிக்கிறேன், எந்தப் பழைய கதையைச் சிரித்துக்கொண்டே எடுக்கிறேன் என்பதும் அதில் சேர்த்தி. அன்று அந்த மேசையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். பாசத்தோடுதான். பாசம் இருந்தது என்பதால் அது சரியாகிவிடாது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. இங்கே அவர் கை வேர்ப்பதில்லை. சாயங்காலம் கிள்ளானுக்கே திரும்புகிறார், அவர் வீடு அங்கேதானே இருக்கிறது. வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுவார். அது வரும்வரை நான் தூங்குவதில்லை.