பழுதும் மனக்குறையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தினையும் நம் வீட்டுப் பிள்ளைகள் தடையின்றிச் சொல்லுவர். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என வரிசை தவறாது ஒப்புவிப்பர். ஆயின் அவற்றுள் ஒன்று, கடையில் வாங்கிய ஒரு பொருளின் வடிவில் நம் வீட்டுக் கூடத்தில் வந்து அமரும்போது, இதுவே அவ்விரதத்தைக் காக்கவேண்டிய இடம் என்று நாம் அறிந்துகொள்கிறோமா? அண்மையில் இராசபாளையத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கேள்வியை நம்முள் எழுப்பியது. அன்பர்களும் உடனிருந்து சிந்தித்தல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதுகிறோம்.

கழுகுமலையில், பாண்டியர் காலத்தில் பாறைமீது செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துவிட்டு, திரும்பும் வழியில் இராசபாளையத்தில் இரண்டு நாள் தங்கினோம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து நூற்பாலைப் பணிக்காக அங்குச் சென்று குடியமர்ந்த உறவினர் ஒருவரின் இல்லம் அது. நமக்குத் தம்பி முறையாவார். அவருடைய மகள் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு பயில்கிறாள். அவளுக்கென ஐந்து நாட்களுக்கு முன்னர் ரூ.52,000 கொடுத்து, ஊரிலுள்ள ஒரு கடையில் மடிக்கணினி வாங்கியிருந்தனர். புதுப்பொருள் வந்த வீட்டில் மகிழ்ச்சி இருக்கவேண்டும். அங்கோ முகவாட்டமே இருந்தது.

குறைகளைப் பெண் அடுக்கிச் சொன்னாள். சன்னல் ஓரத்து மேசையில் வைத்தால் திரையில் எழுத்துத் தெரியவில்லை. மின்கலம் பத்து மணி நேரம் வரை உழைக்கும் என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஐந்து மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. சேமிப்பிடம் 512 ஜி.பி. என்று சொல்லி விற்றனர். கணினியோ 476 என்று காட்டுகிறது. இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின், சற்றுத் தயங்கி, தன் தோழி ஏறத்தாழ அதே விலைக்கு வாங்கிய கணினி இதனினும் மெல்லியது, ஒளி மிக்கது என்றும் சொன்னாள்.

தந்தையார் முதல்நாளே கடைக்குச் சென்று கேட்டிருக்கிறார். பெட்டியைப் பிரித்தபின் மாற்றித்தர இயலாது என்ற விடையே கிடைத்தது. ஆயினும் அங்கிருந்த பணியாளர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாராம். “அண்ணாச்சி, தானாகவே அடிக்கடி அணைந்துபோகிறது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏழு நாளைக்குள் என்றால் கம்பெனி பழையதை எடுத்துக்கொள்ளும். மேற்கொண்டு கொஞ்சம் பணம் போட்டு வேறு மாடலாகவே வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கும் நட்டமில்லை, உங்களுக்கும் நட்டமில்லை.”

இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. தம்பி நம்மிடம் கேட்டார்: “அண்ணா, யாருக்கும் நட்டமில்லாத பொய்யில் குற்றம் உண்டா?” நாம் விடை சொல்லுமுன் மகள் குறுக்கிட்டாள். “அவர்கள் மட்டும் உண்மை சொன்னார்களா, பெரியப்பா? பத்து மணி நேரம் என்றார்களே!”

இரண்டும் எளிதில் தள்ளத்தக்க கேள்விகள் அல்ல. விரத நூல்களின் பெயரைச் சொல்லி அந்தக் குழந்தையின் வாயை அடைத்திருக்கலாம். அது நேர்மையாகாது. ஆதலின், உலகியல் வழக்கு என்ன சொல்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம் எனக் கருதி, மறுநாட் காலை மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றோம். பன்னிரண்டு கி.மீ. அளவே தொலைவு. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. நுகர்வோர் வழக்குகளும் அவ்வூரிலேயே விசாரிக்கப்பெறுகின்றன. தம்பிக்கு அறிமுகமான வழக்கறிஞர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் இயற்றப்பெற்றது. அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. பழுதுள்ள பொருளை, விலைச்சீட்டில் குறித்த காலத்திற்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் முப்பது நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்று அச்சட்டம் கூறுகிறது. எது பழுது? சட்டத்தாலோ, ஒப்பந்தத்தாலோ, விற்பவரின் கூற்றாலோ ஒரு பொருளுக்கு இருந்தாகவேண்டிய தரம், அளவு, ஆற்றல், தூய்மை ஆகியவற்றில் காணப்படும் குறையே பழுது. “வாங்கியவருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டத்தில் பழுது ஆகாது” என்று சொல்லி அவர் முடித்தார்.

திரும்பும் வழியில் பேருந்தில், நூற்பாலையில் முப்பதாண்டு உழைத்த தம்பி தம் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொன்னார். 840 கெஜ நீளமுள்ள சிட்டம் நாற்பது சேர்ந்து ஓர் இராத்தல் எடை நிற்குமானால் அது நாற்பதாம் நம்பர் நூல். நாற்பதாம் நம்பர் என்று விற்ற நூல் சோதனையில் முப்பத்தாறு என்று நின்றால், ஆலை அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும், பெறத்தான் வேண்டும். நூல் சரியாகவே இருந்து, நெய்தபின் துணி தாம் நினைத்தபடி அமையவில்லை என்று நெசவாளர் வருந்தினால், அதற்கு ஆலை என்ன செய்யும்? சொல்லிவிட்டு அவரே சற்றுநேரம் பேசாதிருந்தார். தம் வினாவிற்குத் தாமே விடை கண்டுவிட்டார் என்று நமக்குத் தோன்றியது.

இவ்வளவுகோலைக் கொண்டு குறைகளை ஒவ்வொன்றாக நோக்கினோம். 512 என்பதும் 476 என்பதும் ஒரே அளவின் இரு பெயர்கள். செய்வோர் நூறு கோடி பைட்டுகளை ஒரு ஜி.பி. என்று எண்ணுகின்றனர், அக்கணினியோ 1024-ஐ மும்முறை பெருக்கி வரும் 107 கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையை ஒரு ஜி.பி. எனக் கொள்கிறது. வஞ்சனை ஏதும் இல்லை. திரையின் ஒளியளவு பெட்டியின் பக்கவாட்டில் அச்சிடப்பெற்றிருந்தது. தோழியின் கணினிக்குரிய அளவு அதனினும் மிகுதி. வாங்கும்போது எவரும் அதனைப் படிக்கவில்லை. எஞ்சியது மின்கலம். பத்து மணி நேரம் “வரை” என்ற சொல், ஒளியைக் குறைத்து, ஏற்கெனவே பதிந்துவைத்த படத்தை மட்டும் ஓடவிட்டு அளந்த அளவைக் குறிப்பதாக இருக்கலாம். சொல் பொய்யன்று; ஆயினும் ஆசையை மூட்டுதற்பொருட்டே அங்கு வைக்கப்பெற்ற சொல் அது. பெண் கேட்டதில் நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொண்டோம்.

ஆயின் அவர்தம் மாயை நம் மாயைக்கு உரிமைச்சீட்டு ஆகுமா? விளம்பரம் திசைதிருப்புகிறது என்று கருதினால் அதனை வெளிப்படையாக எழுதி முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் உளது. “மின்கலம் சொன்னபடி உழைக்கவில்லை” என்று எழுதுவது முறையீடு. “தானாக அணைந்துபோகிறது” என்று எழுதுவது வேறு. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலில், வாய்மை விரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்தனுள் ஒன்றாகக் கூடலேகம் எண்ணப்பெற்றுள்ளது. பொய்யான ஆவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். வணிகமும் வேளாண்மையும் செய்து வாழ்ந்த இல்லறத்தாருக்கு, பொய் பெரும்பாலும் வாயினும் எழுத்தின் வழியே வரும் என்பதை நம் ஆசாரியர்கள் எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தனர்! கடைக்காரர் நீட்டும் படிவத்தில் “காரணம்” என்ற கட்டத்தில் நாம் எழுதும் ஒரு வரியும் ஆவணமே.

இனி, யாருக்கும் நட்டமில்லை என்ற கூற்றை ஆராய்வோம். அணைந்துபோகிறது என்று திரும்பிய கணினியைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் பிரித்துப் பார்ப்பார். இல்லாத நோயைத் தேடி அவர்தம் உழைப்பு வீணாகும். பிரித்த பெட்டியைப் புதியது என்று மீண்டும் விற்றல் அறமன்று. விலை குறைத்து விற்கவேண்டும். அந்தக் குறைவு எங்கோ எவர் தலையிலோ ஏறும். பெரும்பாலும் அடுத்து வாங்குவோர் தலையில். இத்தகைய திரும்பல்கள் பெருகப் பெருக, உண்மையிலேயே பழுதான பொருளைச் சுமந்துகொண்டு வரும் ஏழைத் தந்தையையும் ஐயக்கண்ணோடே நோக்குவர். அவர் இழப்பது பணத்தையன்று. தம் சொல்லுக்குரிய மதிப்பை. அவர் எவர் என்று நாம் அறியோம். அறியாத ஒருவருக்குச் செய்த தீங்கும் தீங்கேயன்றோ?

உயிர்களுக்கு நேரும் துன்பத்தையும் எண்ணவேண்டும். ஒரு மடிக்கணினியால் காற்றில் கலக்கும் மாசின் பெரும்பகுதி, அதனை நாம் இயக்கும்போதன்றி, சுரங்கத்திலும் ஆலையிலும் அது உருவாகும்போதே ஏற்படுகிறது. 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பெற்றதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எஞ்சியவற்றுள் மண்ணையும் நீரையும் சேர்வன பல. நீர்வாழ் சிற்றுயிர்க்கும் இரங்கி, வடிகட்டி நீர் அருந்தும் மரபினர் நாம்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். உண்மையான பழுதைப் பொறுத்துக்கொண்டு, “போனால் போகட்டும்” என்று இருந்துவிடுவது அபரிக்கிரகம் ஆகாது. நம் குடும்பங்களில் இப்பழக்கம் உண்டு. கேட்கக் கூச்சம்; அலையச் சோம்பல்; அதற்குப் பற்றின்மை என்று அழகிய பெயர். அந்தக் கணினி மெய்யாகவே அணைந்துபோயிருந்தால், கடைக்காரர் மறுத்தாலும், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சென்றேனும் உரிமையைக் கேட்டுப் பெறுதலே கடமை. நாம் வாளாவிருந்தால் அதே பழுது நாளை இன்னொரு வீட்டிற்குச் செல்லும்.

பழுதும் இல்லை, சொன்ன சொல் பிறழ்ந்ததும் இல்லை என்றால், எஞ்சி நிற்பது மனக்குறை. அதன் வேர் எங்கே? சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில், மிகுபொருள் விரும்பாமைக்கு நேரும் அதிசாரங்களுள் விஸ்மயம், அதாவது வியப்பு, என்பதனையும் சேர்த்துள்ளார். பிறர் பெற்ற பேற்றைக் கண்டு வியந்து மனம் வெதும்புதல் என அதற்கு விளக்கம் கூறுவர். தோழியின் கணினியைக் காணும்வரை, அந்தப் பெண்ணுக்குத் தன் கணினியின் திரை மங்கலாகத் தெரியவில்லை. இதனை நாம் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

ஆறாம் நாள் மாலை கடைக்குச் சென்றோம். அவளே பேசினாள். “இதில் பழுது ஒன்றும் இல்லை. எனக்குத் திரை பிடிக்கவில்லை. மாற்றித்தர முடியுமா என்று கேட்க வந்தோம்.” உரிமையாளர் நிமிர்ந்து பார்த்தார். வழி சொல்லிக் கொடுத்த பணியாளர் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார். ரூ.6,000 கழித்துக்கொண்டு வேறு மாடல் தரலாம் என்றார் உரிமையாளர். பிரித்த பொருளுக்கு அது முறையற்ற கழிவன்று. தந்தை மகளைப் பார்த்தார். ஆறாயிரம் ரூபாயும், அதற்குமேல் புது மாடலுக்கான வேறுபாடும் அவருக்குச் சிறு தொகையல்ல என்பது அவளுக்குத் தெரியும். “வேண்டாம் அப்பா, இதுவே இருக்கட்டும்” என்றாள். ஒரு பொய் வரி எழுதியிருந்தால் செலவின்றி முடிந்திருக்கும் காரியம் அது.

வீடு திரும்பியதும், சன்னல் ஓரத்து மேசையைத் தந்தையும் மகளுமாக எதிர்ச்சுவர் அருகே நகர்த்திப் போட்டனர். வெளிச்சம் திரையில் விழவில்லை. எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. சில மாதம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தோம். மின்கலம் இன்றளவும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டவில்லையாம். வகுப்பில் மின்இணைப்புக்கு அருகிலுள்ள இருக்கையைத் தேடி அமர்கிறாளாம். அறம் செய்ததால் மின்கலம் வளர்ந்துவிடாது. ஆயினும், “அந்தப் படிவத்தை எழுதியிருந்தால் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்திருக்கும், பெரியப்பா” என்றாள். நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆதலின் அன்பர்களே, வாங்கிய பொருள் மனத்திற்கு ஒவ்வாதபோது மூன்று வினாக்களை வீட்டில் எல்லோரும் கேட்க உரக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். இது பழுதா? விற்றவர் சொன்ன சொல் பிறழ்ந்ததா? அன்றி, நம் மனக்குறை மட்டுமா? முன்னிரண்டும் எனில் தயங்காது திருப்பிக் கொடுங்கள், மறுத்தால் வழக்காடுங்கள். மூன்றாவது எனில், அதனை அதன் பெயராலேயே சொல்லிக் கேளுங்கள். அவர் தருவதைப் பெறுங்கள். தராவிடில் வைத்துக்கொண்டு நன்கு பயன்படுத்துங்கள். மனக்குறைக்குப் பழுது என்று பெயர் எழுதிக் கொடுக்கும் கையை மட்டும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதிருப்போம்.

நல்லறம் ஓங்குக!